பட்டாளம் இல்லாத நாட்டில் மூன்று மாதம்

எங்கள் மகனுக்குத் தேசிய சேவைக் கடிதம் வந்த சமயத்தில்தான், என்னை மூன்று மாதப் பயிற்சிக்குக் கோஸ்டா ரிக்காவுக்கு அனுப்புவதாக வேலையிடத்தில் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டின் தொடக்கம் அது. இதய ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்களைத் தயாரிப்பது எங்கள் தொழில். மத்திய அமெரிக்காவில் இருக்கும் அந்தச் சிறிய நாடு இந்தத் தொழிலில் பேர் போனது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மகன் புலாவ் தெக்கோங்கில் அடிப்படைப் பயிற்சியில் இருந்தான். நான் பூமியின் மறுபக்கத்தில் இருந்தேன். இரண்டு ஊருக்கும் 14 மணி நேர வித்தியாசம். அவனுக்கு இரவு கைத்தொலைபேசி கிடைக்கும் நேரத்தில் எனக்குக் காலைப் பசியாறும் நேரம். முதல் வாரமே கேட்டான்:

"அங்க என்எஸ் எத்தன வருஷம்பா?"

"இங்க ராணுவமே கெடயாதாம்டா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. முட்டி தேய்ந்து, தோள் கன்றிப்போன பிள்ளைக்கு அது பொறாமையாகத்தான் இருந்திருக்கும். பிறகு அவனே கேட்டான்: "அப்ப, பக்கத்து நாட்டுக்காரன் உள்ள வந்துட்டா?"

பயிற்சிக்குப் போன பையன் கேட்க வேண்டிய கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. அந்த மூன்று மாத விடுமுறை நாள்களில் பாதியை அந்தப் பதிலைத் தேடியே கழித்தேன்.

தலைநகர் சான் ஹொசேயில் தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. மஞ்சள் பூச்சுப் பூசிய கோட்டை. உள்ளே நுழைந்ததும் பட்டாம்பூச்சித் தோட்டம், முற்றத்தில் பழங்குடி மக்கள் செதுக்கிய பெரிய கல் உருண்டைகள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் கோபுரச் சுவரை அண்ணாந்து பார்த்தால் அம்மை வடுபோலக் குழி குழியாகத் தெரியும். துப்பாக்கிக் குண்டு பட்ட இடங்கள். அது பெல்லாவிஸ்தா என்ற ராணுவ முகாமாக இருந்த கட்டடம்.

1948 பிப்ரவரியில் அங்கே அதிபர் தேர்தல் நடந்தது. எதிர்க்கட்சிக்காரர் வென்றார். நாடாளுமன்றம் அந்த முடிவைச் செல்லாது என்று அறிவித்தது. ஹொசே ஃபிகேரஸ் என்ற தோட்ட முதலாளி ஆயுதம் ஏந்தினார். 44 நாள் உள்நாட்டுப் போர். சுமார் 2,000 பேர் மாண்டார்கள் என்கிறார்கள். வென்ற ஃபிகேரஸ் இடைக்கால ஆட்சி அமைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் தேதி, அந்த முகாமுக்கு வந்து, பெரிய சம்மட்டியை எடுத்து ஒரு சுவரில் ஓங்கி அடித்தார். இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது என்று அறிவித்தார்.

இந்தக் காட்சியை அந்த ஊரில் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். ராணுவத்துக்குப் போகவேண்டிய பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போனது என்பார்கள். ஃபிகேரஸுக்குப் பிடிக்காதவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்: கலைக்கப்பட்டது அவரிடம் தோற்ற ராணுவம்தானே, தனக்கு எதிராக யாரும் ஆட்சியைப் பிடித்துவிடக்கூடாது என்று முந்திக்கொண்டார் என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு என்றே எனக்குப் படுகிறது. எப்படியோ, பதினெட்டு மாதம் ஆண்டுவிட்டு, தேர்தலில் வென்றவரிடமே ஆட்சியை ஒப்படைத்துப் போனார். அந்தக் காலத்து அந்த வட்டாரத்தில் அது சாதாரணக் காரியம் அல்ல.

ஆனால் சம்மட்டி மட்டும் கதை அல்ல. கூடவே ஒரு காகிதமும் இருந்தது.

1947 செப்டம்பர் 2ஆம் தேதி, வட, தென் அமெரிக்க நாடுகள் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ரியோ உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். ஒரு நாட்டின்மேல் விழும் அடி எல்லா நாடுகள்மேலும் விழுந்த அடி என்பது அதன் சாரம். இந்த வாசகத்தைப் பலரும் நேட்டோவோடு சேர்த்துத்தான் கேள்விப்பட்டிருப்போம். நேட்டோ பிறந்தது 1949இல். ரியோ அதற்கு மூத்தது. கூட்டம் கூட்டவும் விசாரிக்கவும் ஓஏஎஸ் எனப்படும் அமெரிக்க நாடுகள் அமைப்பும் 1948இல் வந்துவிட்டது. அதன் தலைமையகம் வாஷிங்டனில்.

அந்த உடன்படிக்கையின் 20வது பிரிவை யாரும் மேடையில் சொல்வதில்லை. எந்த நாட்டையும் அதன் சம்மதம் இல்லாமல் படை அனுப்பச் சொல்ல முடியாது என்கிறது அது. வீடு தீப்பிடித்தால் எல்லாரும் கூடுவோம், ஆனால் தண்ணீர் ஊற்றுவது அவரவர் விருப்பம் என்பதுபோல. நாம் சிரிக்க வேண்டியதில்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் 1971 முதல் இருக்கும் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடும் தாக்குதல் வந்தால் கூடிக் கலந்துபேசுவோம் என்றுதான் சொல்கிறது. அதற்குமேல் உறுதி எதுவும் இல்லை. 1967இல் சிங்கப்பூர் தேசிய சேவையைத் தொடங்கியதற்கும், பிறர் படையை நம்பிக் காலம் தள்ள முடியாது என்ற அதே கணக்குதான் காரணம்.

கோஸ்டா ரிக்கா மாற்றுக் கணக்குப் போட்டது. தேதிகளைப் பாருங்கள். டிசம்பர் 1, சுவரில் சம்மட்டி. டிசம்பர் 3, ரியோ உடன்படிக்கை நடைமுறைக்கு வருகிறது. டிசம்பர் 10, வடக்கே நிக்கராகுவாவிலிருந்து ஆயுதக் கும்பல் எல்லை தாண்டி உள்ளே நுழைகிறது! ராணுவத்தைக் கலைத்து முழுதாகப் பத்து நாள்கூட ஆகவில்லை.

எனக்குப் பயிற்சி தந்த மேற்பார்வையாளர் அறுபதை நெருங்கியவர். அந்த நாட்டில் நண்பர்களைக்கூட, சில வீடுகளில் கணவன் மனைவியே ஒருவரை ஒருவர்கூட, 'உஸ்தெத்', அதாவது 'நீங்கள்' என்றுதான் அழைப்பார்கள். அவரும் என்னைக் கடைசிவரை அப்படியே அழைத்தார். அவருடைய தாயார் லா க்ரூஸ் பக்கத்துக்காரர். அந்தக் கும்பல் முதலில் பிடித்த ஊர் அதுதான். சிறுமியாக இருந்த தாயாரையும் தம்பியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தாத்தா தெற்கே கிளம்பிவிட்டாராம். "வண்டியில் ஒரு கோழிக்கூண்டும் இருந்தது. கோழி கத்திவிடக்கூடாது என்று கூண்டின்மேல் போர்வையைப் போட்டுக் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்குப் போர் என்றால் அந்தக் கோழிதான்," என்றார்.

வந்தவர்கள் உள்நாட்டுப் போரில் தோற்று ஓடிய கோஸ்டா ரிக்கர்கள். அவர்களுக்கு இடம் கொடுத்தது நிக்கராகுவாவைக் கையில் வைத்திருந்த அனஸ்தாசியோ சொமோசா. மறுநாளே கோஸ்டா ரிக்காவின் தூதர் வாஷிங்டனில் ரியோ உடன்படிக்கையைக் காட்டி முறையிட்டார். சில நாள்களில் ஓஏஎஸ் விசாரணைக் குழு விமானம் ஏறி வந்தது. சான் ஹொசேக்கும் போனது, நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவுக்கும் போனது. கிறிஸ்துமசுக்கு முதல் நாள் முடிவு வந்துவிட்டது. கும்பல் திரண்டது நிக்கராகுவா மண்ணில்தான், அதைத் தடுக்க அந்த அரசு ஒழுங்காக எதுவும் செய்யவில்லை என்று சொன்னது. கூடவே கோஸ்டா ரிக்காவுக்கும் ஒரு குட்டு: அண்டை நாட்டு ஆட்சிகளைக் கவிழ்க்கத் திட்டமிடும் ஆயுதக்காரர்களை நீங்களும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. 1949 பிப்ரவரியில் இரு நாடுகளும் நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

காகிதம் மட்டும் சண்டை போட்டுவிடவில்லை. ஃபிகேரஸ் தொண்டர்களைத் திரட்டி எல்லைக்கு அனுப்பினார், அவர்களில் உயிர் விட்டவர்களும் உண்டு. ஆனால் உலகமே பார்க்கிறது என்று தெரிந்தபின் சொமோசாவால் வெளிப்படையாகப் படையை அனுப்ப முடியவில்லை. அவ்வளவு போதும். சிறிய நாட்டுக்குத் தேவைப்பட்டது அந்தச் சில வாரங்கள்தான்.

1955 ஜனவரியில் இதே நாடகம் இன்னும் பெரிதாக நடந்தது. அப்போது ஃபிகேரஸ் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர். அவருக்கும் சொமோசாவுக்கும் ஜென்மப் பகை. எல்லையில் வந்து துப்பாக்கியோடு நேருக்கு நேர் மோதத் தயாரா என்று சொமோசா சவால் விட்டாராம், நம் பழைய படங்களில் வருவதுபோல. ஜனவரி 11ஆம் தேதி கிளர்ச்சியாளர்கள் வில்லா கெசாதா என்ற ஊரைப் பிடித்தார்கள். இம்முறை அவர்களிடம் விமானமும் இருந்தது. தலைநகர்மீதே பறந்து சுட்டார்கள். கோஸ்டா ரிக்கா மறுபடியும் உடனே முறையிட்டது. ஓஏஎஸ் குழுவும் உடனே வந்தது. பார்வையாளர் விமானங்கள் எல்லையைச் சுற்றின. உறுப்பு நாடுகள் கோஸ்டா ரிக்காவுக்கு விமானம் கொடுத்து உதவலாம் என்று ஓஏஎஸ் சொன்னதும், அமெரிக்கா நான்கு முஸ்டாங் போர் விமானங்களை அனுப்பியது. விலை, விமானம் ஒன்றுக்கு ஒரு டாலர். பட்டாளம் இல்லாத நாடு நான்கு டாலரில் விமானப்படை வாங்கிவிட்டது! சில நாள்களில் கிளர்ச்சி ஒடுங்கியது.

இதை மகனிடம் சொன்னபோது அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "சும்மா சொல்லாதீங்கப்பா, அவ்ளோ ஈஸியா?" என்றான்.

ஈஸி இல்லைதான். இதே கதையின் மறுபக்கம், இந்த நான்கு விமானங்களுக்கு ஏழே மாதம் முன்னால் நடந்தது. அதே மத்திய அமெரிக்கா, அதே அமைப்பு. குவாத்தமாலாவின் அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ், அமெரிக்க வாழைப்பழ நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட் பயிரிடாமல் வைத்திருந்த நிலத்தை எடுத்து ஏழைகளுக்குப் பங்கிட்டார். 1954 ஜூனில் அண்டை நாடான ஹோண்டுராசிலிருந்து ஆயுதக் கும்பல் உள்ளே வந்தது. பணமும் பயிற்சியும் விமானமும் கொடுத்தது அமெரிக்காவின் சிஐஏ. குவாத்தமாலா ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தின் கதவைத் தட்டியது. இதை ஓஏஎஸ் பார்த்துக்கொள்ளும் என்று அங்கே பெரும்பான்மை சொன்னது, சோவியத் யூனியன் ரத்து அதிகாரத்தால் அந்தத் தீர்மானத்தைத் தடுத்தது. பிறகும் மன்றம் அதை விவாதத்துக்கு எடுக்க மறுத்துவிட்டது. ஓஏஎஸ் வெளியுறவு அமைச்சர்கள் ஜூலை 7ஆம் தேதி ரியோவில் கூடுவதாக நாள் குறித்தார்கள். ஜூன் 27ஆம் தேதி ஆர்பென்ஸ் பதவி விலகினார். கூட்டம் நடக்கவே இல்லை. பின்னால் அந்த நாட்டில் வந்த ரத்தக் களரி பல பத்தாண்டுகள் நீடித்தது.

சுவரில் குண்டுத் தழும்பைப் பார்த்ததைவிட இதைப் படித்த இரவுதான் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1948இல் ஃபிகேரஸுக்கு விமானத்தில் துப்பாக்கி அனுப்பி வெற்றிக்கு உதவியதே குவாத்தமாலாதான். அந்த நாடு கூப்பிட்டபோது கூட்டம் கூட்டுவதற்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். கோஸ்டா ரிக்கா கூப்பிட்டபோது சில நாள்களிலேயே வந்தார்கள். காகிதத்தில் இரண்டு நாட்டுக்கும் எழுதியிருந்தது ஒரே வாசகம். வாஷிங்டனுக்கு ஒருவரைப் பிடித்தது, இன்னொருவரைப் பிடிக்கவில்லை.

மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னேன். மறுக்கவில்லை. "எங்கள் தாத்தாக்களுக்கும் அது தெரியும். அதனால்தான் கூப்பிட்டால் வருகிற மாதிரி நடந்துகொண்டார்கள்," என்றார். அதைக் கெட்டிக்காரத்தனம் என்பதா, பணிவு என்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 1965இல் டொமினிக்கன் குடியரசுக்குள் அமெரிக்கா முதலில் படையை இறக்கிவிட்டு, பிறகு ஓஏஎஸ் பெயரில் கூட்டு அமைதிப்படை என்று பெயர் சூட்டியது. அதில் பிரேசில் ஆயிரத்துக்கும் மேல் வீரர்களை அனுப்பியது. ராணுவமே இல்லாத கோஸ்டா ரிக்காவும் சுமார் 20 போலீஸ்காரர்களை அனுப்பி வைத்தது. கல்யாண வீட்டுக்கு மொய் எழுதுவதுபோல.

1982இல் பெரிய நாட்டுக்கே பாடம் கிடைத்தது. அர்ஜென்டினா ஏப்ரல் 2ஆம் தேதி ஃபாக்லாந்துத் தீவுகளைப் பிடித்தது. பிரிட்டிஷ் கடற்படை கிளம்பி வந்ததும் ரியோ உடன்படிக்கையைத் தூக்கிக்காட்டியது. வாக்கெடுப்பில் 17 நாடுகள் அர்ஜென்டினா பக்கம். அமெரிக்கா, சிலி, கொலம்பியா, டிரினிடாட் டொபேகோ நான்கும் எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அமெரிக்கா வெளிப்படையாகப் பிரிட்டனை ஆதரித்தது. கடைசியில் எந்த அண்டை நாடும் படை அனுப்பவில்லை. முதலில் கை வைத்தது அர்ஜென்டினாதானே என்றும் கேட்கலாம். அந்தப் போருக்குப் பிறகு ரியோ உடன்படிக்கையை லத்தீன் அமெரிக்காவில் அநேகர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெக்சிகோ பின்னாளில் அதிலிருந்து விலகியே போய்விட்டது.

அப்படியானால் கோஸ்டா ரிக்கா? காகிதம் நைந்துபோனது தெரிந்ததும் மறுபடி துப்பாக்கி வாங்கியிருக்க வேண்டாமா? அதற்கான சோதனை 2010 அக்டோபரில் வந்தது.

கோஸ்டா ரிக்காவுக்கும் நிக்கராகுவாவுக்கும் இடையில் சான் ஹுவான் ஆறு ஓடுகிறது. கரீபியக் கடலில் சேரும் இடத்தில் சதுப்பு நிலம், ஆள் நடமாட்டம் இல்லாத மண். நிக்கராகுவா ஆற்றைத் தூர்வார வந்தது. அப்படியே வாய்க்காலும் வெட்டியது, படை வீரர்களையும் நிறுத்தியது. பணிக்குப் பொறுப்பாக இருந்த முன்னாள் கெரில்லாத் தளபதி ஈடன் பாஸ்தோரா, கூகல் வரைபடத்தில் அந்த இடம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று காரணம் சொன்னார். வரைபடத்தில் கோடு தப்பாக இருந்தது உண்மை. கூகலும் பிறகு அதைத் திருத்தியது. நம் ஊரில் கூகலை நம்பிப் போய் முட்டுச்சந்தில் நின்றவர்கள் உண்டு. அடுத்த நாட்டுக்குள் படையோடு போய் நின்றவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

கோஸ்டா ரிக்கா ஆயுதம் தாங்கிய போலீஸை எல்லைக்கு அனுப்பியது, ஆனால் ஒரு குண்டும் சுடவில்லை. ஓஏஎஸ்ஸிடம் போனது. படையை விலக்கிக்கொள்ளுங்கள் என்று நவம்பரில் அங்கே பெரும்பான்மையாகத் தீர்மானம் வந்தது. நிக்கராகுவா ஏற்கவில்லை. சரி என்று அதோடு உட்கார்ந்துவிடாமல், நவம்பர் 18ஆம் தேதியே ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2011 மார்ச்சில் இடைக்கால உத்தரவு. 2015 டிசம்பர் 16ஆம் தேதி தீர்ப்பு: நிலம் கோஸ்டா ரிக்காவுடையது. சேதத்துக்கு நட்டஈடாகச் சுமார் 67 லட்சம் டாலர் கேட்டார்கள். 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது 3,78,890 டாலர். நிக்கராகுவா அதைக் கட்டியும்விட்டது.

ஏழு வருஷம் நடந்த வழக்கு. நான் அங்கே போனபோது பணம் கைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வழக்குச் செலவுக்குக்கூடக் காணாது என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். மேற்பார்வையாளர் மட்டும், "ஏழு வருஷத்தில் எங்கள் பக்கம் ஒரு தாயும் பிள்ளையைப் பறிகொடுக்கவில்லை. அது எவ்வளவு டாலர்?" என்று கேட்டார். தெக்கோங்கில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது! பத்து பூத்தே தீவுக்காக மலேசியாவும் சிங்கப்பூரும் அதே ஹேக் நீதிமன்றத்தில் நின்று, 2008இல் வந்த தீர்ப்பை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டதை அவரிடம் சொன்னேன். "உங்கள் இரண்டு பேருக்கும்தான் ராணுவம் இருக்கிறதே, பிறகு ஏன் கோர்ட்டுக்குப் போனீர்கள்?" என்று சிரித்தார்.

ராணுவம் இருந்ததால்தான் இருவரும் பேசாமல் கோர்ட்டுக்குப் போனோம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இரண்டு விடையும் சரியாக இருக்கலாம். அவர்கள் இடத்தில் அவர்கள் கணக்கு, நம் இடத்தில் நம் கணக்கு. கோஸ்டா ரிக்காவுக்கு 1948இல் பெரியண்ணன் பக்கத்திலேயே இருந்தார், அவருக்கும் அவர்களைப் பிடித்திருந்தது. 1967இல் சிங்கப்பூருக்கு இருந்த பெரியண்ணன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மகனிடம் அப்படித்தான் சொன்னேன். "ஆக, நான் ஓடணும்," என்றான். ஓடத்தான் வேண்டும்.

இப்போது அங்கே எல்லை தாண்டி வருவது படை அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் கொக்கெய்ன், பசிபிக் கடலில் விரைவுப் படகுகளில் வருகிறது. அதைத் துரத்த அந்த நாட்டின் கடலோரக் காவல் படகுகளுக்கு வலு போதாது. அதனால் அமெரிக்காவோடு போட்ட கூட்டுக் கடற்சுற்று ஒப்பந்தம் 1999இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கக் கப்பலில் கோஸ்டா ரிக்கா அதிகாரியும் ஏறிக்கொள்வார். அப்படியும் சரக்கு நின்றபாடில்லை, கும்பல்களின் சண்டை தெருவுக்கு வந்துவிட்டது. 2023இல் அங்கே நடந்த கொலைகள் 900ஐத் தாண்டின. சுமார் 50 லட்சம் பேர் உள்ள நாட்டில் அது இதுவரை காணாத எண்ணிக்கை. மேற்பார்வையாளர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், எப்போதாவது செய்தி அனுப்புவார். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டாயிற்றாம். ராணுவத்தை மறுபடி கொண்டுவரலாமே என்று அக்கம்பக்கத்தில் பேசும் இளைஞர்களும் உண்டாம். 'அவர்கள் யாருக்கும் அந்தக் கோழிக்கூண்டுக் கதை தெரியாது' என்று எழுதியிருந்தார்.

1949இல் எழுதிய அவர்களின் அரசமைப்புச் சட்டத்தில் 12வது பிரிவு நிரந்தர ராணுவத்துக்குத் தடை போடுகிறது. அதே பிரிவு, கண்டத்து நாடுகளின் உடன்படிக்கைப்படியோ நாட்டின் தற்காப்புக்காகவோ படை திரட்டலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. அயல்நாட்டுப் போர்க்கப்பல் துறைமுகத்தில் வந்து தங்க வேண்டுமென்றாலும் நாடாளுமன்றம் கைதூக்கி அனுமதி தர வேண்டும். பெரும்பாலும் அரையாண்டுக்கு ஒரு முறை அமெரிக்கக் கப்பல்களின் பட்டியல் சபைக்கு வரும். 2010இல் 46 போர்க்கப்பல்கள் அடங்கிய பட்டியல் வந்தபோது, 'எங்கள் ஊர் மீன்பிடிப் படகுகளைவிட இது அதிகமா?' என்ற பாணியில் ஊரே கேலி பேசியதாம். பட்டியல் நிறைவேறியது.

நான் அங்கிருந்த மாதங்களில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மேற்பார்வையாளர் சோறும் கறுப்பு அவரையும் கலந்த தட்டை முன்னால் வைத்துக்கொண்டு செய்தித்தாளில் அந்த விவாதங்களைத்தான் முதலில் படிப்பார். எந்த உறுப்பினர் எதிர்த்தார், யார் ஆதரித்தார், யார் அன்றைக்குச் சபைக்கே வரவில்லை என்று ஒவ்வொரு பெயராகப் பார்ப்பார். ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டேன். "கப்பல் அவர்களுடையது. கதவு எங்களுடையது அல்லவா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.